அங்குலமும் அறமும்

தீமையை அளவுகோல் கொண்டு அளக்க இயலுமா? 16 அங்குலக் குழல் உடைய ரைபிள் ஒருவர் இல்லத்தில் இருப்பின் அவர் குற்றமற்ற குடிமகன். அதே குழல் பதினைந்தே முக்கால் அங்குலமாகக் குறைந்து, அரசுப் பதிவேட்டிலும் ஏறாமல் இருப்பின் அவர் பத்தாண்டுவரை சிறைத்தண்டனைக்கு உரியவர். இத்தகைய சட்டம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழங்கி வருகிறது. கால் அங்குலத்தில் ஒருவன் பாவியாவதும் அல்லாததும் எங்ஙனம் என்று கேட்டு நகைப்பவர் அந்நாட்டிலேயே பலர் உளர். நமக்கு நகைப்பு எழவில்லை. அளவு வகுத்து வாழ்தலையே இல்லறத்தானின் ஒழுக்கமாக ஏற்றுக்கொண்ட ஒரு சமயத்தார்க்கு இவ்வினா அயலாருடைய வினா அன்று.

முதலில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். மதுவிலக்குக் காலத்தில் அந்நாட்டு நகரங்களில் கொள்ளைக் கூட்டங்கள் பெருகி, இயந்திரத் துப்பாக்கிகளும் குழல் அறுக்கப்பட்ட ஷாட்கன்களும் வீதிகளில் முழங்கின. அதன் விளைவாக 1934ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் நிறைவேறியது. இயந்திரத் துப்பாக்கி, ஓசையடக்கி, குறுங்குழல் ரைபிள், குறுங்குழல் ஷாட்கன் முதலியவற்றைச் செய்யவும் கைமாற்றவும் 200 டாலர் வரி விதித்து, அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும் என்றது அச்சட்டம். அக்காலத்தில் 200 டாலர் என்பது பல துப்பாக்கிகளின் விலையை விஞ்சிய தொகை. வரி என்ற பெயரில் வந்த தடை அது. தொடக்கத்தில் இரு வகைக்கும் 18 அங்குலமே எல்லையாக இருந்தது. 1960ஆம் ஆண்டில் ரைபிளுக்கு மட்டும் 16 அங்குலம் என்று தளர்த்தினர். துப்பாக்கியின் மொத்த நீளம் 26 அங்குலத்திற்குக் குறையலாகாது என்பதும் உடன்சேர்ந்த விதியாகும்.

இங்கே ஒரு விந்தை உண்டு. அச்சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இடம்பெற்றிருந்தன. மக்களின் கைத்துப்பாக்கியை வரிக்குள் அடக்கினால், நீண்ட துப்பாக்கியை வாங்கிக் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கிபோல் ஆக்கிக்கொள்வரே என்னும் ஐயத்தைத் தீர்க்கவே குறுங்குழல் விதி தேவைப்பட்டது. எதிர்ப்பு மிகவே கைத்துப்பாக்கி வரைவினின்றும் நீக்கப்பட்டது. அதற்குக் காவலாக வைத்த வேலி மட்டும் நின்றுவிட்டது. பயிர் இல்லாத நிலத்தைச் சுற்றித் தொண்ணூறு ஆண்டுகளாக வேலி காவல் நிற்கிறது என்று குறை கூறுவோர் பொய் கூறவில்லை.

குழலை அளக்கும் முறையும் அறிந்துகொள்ளத்தக்கது. துப்பாக்கியின் பின்வாயை மூடி, ஒரு குச்சியைக் குழலின் வாய்வழியே உள்ளே முட்டும்வரை செலுத்தி, வாயின் விளிம்பில் அடையாளமிட்டு வெளியே எடுத்து அளப்பர். குழல் முனையில் ஏதேனும் ஓர் உறுப்பைக் கழற்ற இயலாதபடி நிலையாகப் பற்றவைத்திருந்தால் அதன் நீளமும் சேர்த்தே கணக்கிடப்படும். ஆகவே பதினான்கரை அங்குலக் குழலை வாங்கி, முனையில் ஓர் உறுப்பை ஆணியடித்துப் பற்றவைத்து, 16 அங்குலத்தை எட்டச் செய்து சட்டத்துக்கு இணங்கியவராக வாழ்வோர் அங்கே ஏராளம்.

குறுகிய குழல் கொடியது என்பதற்குக் காரணம் அதன் வலிமை அன்று. குழல் குறையக் குறையத் தோட்டாவின் வேகம் குறையுமே ஒழிய மிகாது. சட்டம் அஞ்சியது வேறொன்றை. குறுகியது மேலங்கிக்குள் மறையும். நெருங்கும்வரை எதிரில் உள்ளவன் அறியான். கோபம், மானம், மாயை, உலோபம் என நான்கு கஷாயங்களை நம் ஆசிரியர்கள் எண்ணினர். அவற்றுள் சினத்தைச் சட்டம் கொலைக்குப் பின்னரே தண்டிக்க முடியும். அங்குலச் சட்டமோ மாயையை, அதாவது மறைத்து நெருங்கும் வஞ்சனையை, முன்கூட்டியே பிடிக்க முயன்றது. நெஞ்சுக்குள் கோல் செலுத்த வழியில்லாமையால் குழலுக்குள் செலுத்தியது. இவ்வாறு நோக்கின் அம்முயற்சி நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை; பரிவுக்குரியதாகவே தோன்றுகிறது.

நீளத்தோடு இச்செய்தி முடியவில்லை. 1989ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றின் விளையாட்டு மைதானத்தில் ஒருவன் சுட்டதில் ஐந்து குழந்தைகள் மாண்டனர். போரின் கொடுமைக்குத் தப்பி கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். தப்பி வந்த இடத்திலும் துப்பாக்கி அவர்களைத் தேடி வந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. அவ்வாண்டே அம்மாநிலம் குறிப்பிட்ட பெயருடைய துப்பாக்கிகளைத் தடை செய்தது. பெயரைத் தடுத்தால் பெயர் மாறும் அன்றோ? அதே துப்பாக்கி வேறு பெயரில் கடைக்கு வந்தது. எனவே 1999ஆம் ஆண்டில் சட்டம் பெயரை விட்டு உறுப்புகளைப் பற்றிக்கொண்டது. கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டியுடைய, விசையை அழுத்துந்தோறும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிளில் கைத்துப்பாக்கிபோன்ற கைப்பிடி, மடங்கும் அல்லது நீண்டு சுருங்கும் பின்கட்டை, வெடிச்சுடரை மறைக்கும் முனை, முன்புறப் பிடி முதலியவற்றுள் ஒன்று இருப்பினும் அது தடைக்குரியதாயிற்று. இடையே 1994இல் ஒன்றிய அரசும் இவற்றைப் போன்ற உறுப்புகளுள் இரண்டு இருப்பின் தடை என்று பத்தாண்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. பயனெட் பொருத்தும் இடமும் அப்பட்டியலில் இருந்தது. 2004 செப்டம்பரில் அச்சட்டம் காலாவதியாயிற்று, புதுப்பிப்பார் இல்லை. நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட், மேரிலாந்து, மாசசூசெட்ஸ் முதலிய மாநிலங்கள் தத்தமக்கென விதிகளை வைத்துள்ளன. இல்லினாயும் வாஷிங்டன் மாநிலமும் 2023ஆம் ஆண்டில் இவ்வரிசையில் சேர்ந்தன.

சட்டம் ஓர் உறுப்பைச் சுட்டியதும் பட்டறை அவ்வுறுப்பை மாற்றியது. கலிபோர்னியாவில் நிகழ்ந்ததை மட்டும் கூறுவோம். கருவியின் துணையின்றிக் கழற்றக்கூடிய தோட்டாப் பெட்டி கூடாது என்பது விதி. துப்பாக்கித் தோட்டாவின் முனையையே கருவியாகக் கொள்ளலாம் என்று அவ்விதியில் இடம் இருந்தது. உடனே கையால் அழுத்த இயலாத, தோட்டா முனையால் குத்தினால் மட்டும் திறக்கும் சிறு பொத்தான் ஒன்று சந்தைக்கு வந்தது. புல்லட் பட்டன் என்பது அதன் பெயர். 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோ நகரில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்கு அடுத்த ஆண்டு அவ்விடுக்கும் சட்டத்தால் அடைக்கப்பட்டது. பிறகு, கைப்பிடிக்குப் பின்னால் மீன் துடுப்புப்போல் ஒரு தகடு வைத்துக் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்காதபடி செய்துவிட்டால் அது கைப்பிடி ஆகாது என்னும் நுட்பம் கண்டனர். கனெக்டிகட்டின் கதை இன்னும் துயரமானது. 1993 முதலே அங்கே தடைச்சட்டம் உண்டு. 2012 டிசம்பர் 14ஆம் நாள் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் ஆறு பெரியோரையும் கொன்ற ரைபிள், அன்றைய அச்சட்டத்தின் எழுத்துக்கு முற்றும் இணங்கியது.

இவ்விடத்தில் நம் நூல்கள் கூறும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இல்லறத்தான் தன் உடைமைக்கு எல்லை வகுத்துக்கொள்வது பரிக்கிரக பரிமாண விரதம். இத்தனை வீடு, இத்தனை நிலம், இத்தனை பொன் என்று வரையறுத்துக்கொள்வான். ஒரு வீடே போதும் என்று விரதம் பூண்டவனுக்கு அடுத்த வீட்டின்மேல் ஆசை எழுகிறது. அதை வாங்குகிறான், இடைச்சுவரை இடித்துவிடுகிறான். எண்ணிப் பார்த்தால் வீடு ஒன்றுதான். ஏமச்சந்திர ஆசாரியர் தம் யோக சாத்திரத்தில் இவ்வாறு இணைத்து எண்ணிக்கையைக் காக்கும் சூழ்ச்சியை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக வைத்தார். விரதம் முறியவில்லை, ஆயினும் அழுக்குற்றது என்பது கருத்து. எண்ணிக்கை காப்பாற்றப்பட்டது, எண்ணிக்கை எதற்காக வந்ததோ அது கைவிடப்பட்டது. புல்லட் பட்டனைச் செய்தவன் இடித்ததும் அந்தச் சுவரைத்தான். அறிவுக்கூர்மை இருவர்க்கும் ஒன்றே. அவ்வில்லறத்தானைக் குரு கடிந்தால் அவன் நாணுவான். பட்டறைக்காரனோ விளம்பரம் செய்வான். தடுத்தது அவன் தானே ஏற்ற விரதம் அன்று, பிறர் இட்ட விலங்கு என்று அவன் கருதுகிறான். விலங்கை நெகிழ்த்துவதில் அவனுக்கு நாணம் ஏன் வரும்?

எல்லா நழுவலும் வஞ்சத்தில் தோன்றியது என்று கூறிவிடவும் இயலாது. கை ஊனமுற்ற முன்னாள் வீரர் ஒருவர் பெரிய கைத்துப்பாக்கியை ஒரு கையால் தாங்கிச் சுட உதவும் பொருட்டு, முன்கையில் கட்டிக்கொள்ளும் ஒரு தாங்கி செய்யப்பட்டது. அது பின்கட்டை ஆகாது என்று அரசுத் துறையும் 2012இல் கடிதம் தந்தது. கருணையில் பிறந்த அப்பொருளை இரு கையும் நலமாக உள்ளவர்கள் தோளில் வைத்துக் குறுங்குழல் ரைபிளாகவே பயன்படுத்தலாயினர். 2023இல் அரசு அதனைக் கட்டுப்படுத்த விதி செய்தது. 2024இல் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது.

இனி இரு தரப்பாரின் வாதத்திற்கு வருவோம். துப்பாக்கி கொல்வதில்லை, மனிதனே கொல்கிறான் என்பது ஒரு தரப்பாரின் முழக்கம். கேட்டவுடன் இது நம் கொள்கைபோலத் தோன்றும். பிரமாதத்தோடு கூடிய மனம், மொழி, மெய்களால் உயிரைப் பிரித்தலே இம்சை என்று கற்றவர்கள் நாம். பாவ இம்சையே வேர், திரவிய இம்சை அதன் வெளிப்பாடு என்பதும் அறிவோம். ஆயினும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டுவோர் அங்கே நிற்க முடியாது. வினை வந்தேறும் அளவு எவற்றால் வேறுபடும் என்று கூறுமிடத்தில், உணர்ச்சியின் கடுமை மென்மை, அறிந்து செய்தல் அறியாது செய்தல், ஆற்றல் ஆகியவற்றோடு அதிகரணத்தையும், அதாவது சார்பாகும் கருவியையும், உமாஸ்வாமி சேர்த்தே எண்ணுகிறார். உயிரில்லாத அதிகரணத்தை விரிக்குங்கால் ஒன்றை உருவாக்குதல், ஒன்றை வைத்தல், ஒன்றோடொன்றைச் சேர்த்தல், ஏவுதல் எனப் பகுக்கிறார். சேர்த்தல் என்னும் சம்யோகத்தை உரையாளர்கள் உணவோடு உணவைக் கூட்டுதல், கருவியோடு கருவியைக் கூட்டுதல் என விளக்குவர். குழலோடு கட்டையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று இன்று சட்டமன்றங்கள் விவாதிப்பதை எண்ணும்போது அப்பகுப்பின் நுண்மை வியப்பூட்டுகிறது. கருவி வெறும் சடம், அதன்மேல் பழி இல்லை என்று நாம் கூறுவதற்கில்லை. பழி கருவியின்மேல் இல்லை, உண்மை. அதனைச் செய்தவன், கூட்டியவன், கொடுத்தவன் ஆகியோர் மேல் உண்டு. கோடரி, வாள், மண்வெட்டி, தீ, விலங்கு ஆகியவற்றைப் பிறர்க்குக் கொடுத்தலைக்கூட அனர்த்த தண்டத்துள் ஒன்றாக வைத்தார் சமந்தபத்திரர். அருங்கலச்செப்பைப் பயின்ற தமிழ்ச் சமணர்க்கு அது புதிதன்று. மண்வெட்டிக்கே அத்துணை எச்சரிக்கை.

மறுதரப்பாரோ பட்டியலை நீட்டினால் கொலை குறையும் என்று நம்புகின்றனர். பட்டியலில் உள்ள சிலவற்றிற்கு நியாயம் உண்டு. தோட்டாப் பெட்டியை நொடியில் மாற்ற இயலாமற் போனால் சுடுபவன் தடைப்படுவான். அத்தடையில் ஒரு குழந்தை ஓடித் தப்பலாம். பயனெட் பொருத்தும் இடத்திற்கு அத்தகைய நியாயம் காண்பது அரிது. போர்க்கோலத்தின்மேல் மக்களுக்கு எழுந்த வெறுப்பையே அது பெரிதும் காட்டுகிறது. ஆயினும் அக்கோலத்தை விரும்பி வாங்குவோரின் உள்ளத்திலும் மானம் என்னும் கஷாயம் இல்லாமலா இருக்கிறது? படைவீரன் அல்லாதவன் படைவீரனைப்போல் தோன்ற ஏன் விழைய வேண்டும் என்று கேட்பாரைக் காணோம்.

தற்காப்பு வாதத்தை எளிதாகத் தள்ளுவதற்கில்லை. உயரம் குறைந்த பெண்ணொருத்தி தன் தோளுக்கு ஏற்பப் பின்கட்டையைச் சுருக்கிக்கொள்வது குற்றமா, குறுகிய இல்ல இடைகழியில் நீண்ட குழலைத் திருப்ப இயலுமா என்று கேட்கின்றனர். 2008ஆம் ஆண்டில் ஹெல்லர் வழக்கில், இல்லத்தில் தற்காப்புக்கெனத் துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஆசாரியர்களும் இல்லறத்தானிடம் முனிவரின் நெறியை எதிர்பார்த்தவர் அல்லர். எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சையையே அவன் முற்றும் துறக்க வேண்டும். எதிர்த்து வருவோனைத் தடுக்கையில் நேரும் விரோதி இம்சைக்கு விலக்கு அளித்தனர். ஆனால் அவ்விலக்கு, தாக்குதல் நேர்ந்தவிடத்து வேறு வழியின்றி எழுவது. என்றோ வரக்கூடிய பகைவனுக்காக ஆண்டுதோறும் புதிய உறுப்பு வாங்கிப் பொருத்தி, எண்ணெயிட்டு, தோளில் வைத்துப் பார்த்து மகிழ்வது எதில் அடங்கும்? கொலைக்கு முற்படும் நினைப்பு, அதற்கான ஆயத்தம், செயல் எனச் சம்ரம்பம், சமாரம்பம், ஆரம்பம் என்று மூன்று படிகளை வகுத்தனர். இரண்டாம் படியில் நெடுங்காலம் குடியிருப்பவனைத் தற்காப்பாளன் என்று அழைக்க நம் மனம் இசையவில்லை.

இத்துடன் அரசின் பக்கமும் காணவேண்டும். 1989இல் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த ராண்டி வீவர் என்பார் குழல் குறைத்த இரண்டு ஷாட்கன்களை விற்றார். வாங்கியவன் அரசின் உளவாள். குழல்கள் 18 அங்குலத்திற்குக் குறைவு. வழக்கு வந்தது, அவர் நீதிமன்றத்திற்கு வரவில்லை, ரூபி ரிட்ஜ் என்னும் மலைமுகட்டில் குடும்பத்தோடு ஒதுங்கியிருந்தார். 1992 ஆகஸ்டில் அரசு அதிகாரிகள் அவ்விடத்தை அணுகியபோது முதலில் குடும்பத்தின் நாய் சுடப்பட்டது. அடுத்து அவருடைய 14 வயது மகனும், அதிகாரி ஒருவரும் மாண்டனர். மறுநாள் கைக்குழந்தையை ஏந்தி வாயிலில் நின்ற அவர் மனைவியின்மேல் அரசின் குறிசுடுநர் விடுத்த தோட்டா பாய்ந்தது. நான்கு உயிர்கள். அமெரிக்க ஏடுகள் மூன்று என்றே எழுதும். நாம் நான்கு என்று எண்ணுகிறோம். விற்கப்பட்ட அவ்விரு துப்பாக்கிகளும் அப்போது அவ்வீட்டில் இல்லை. அவை அரசின் கைக்கு முன்பே போய்விட்டன. 1993இல் நடுவர் குழு அவரைக் கொலைக் குற்றத்தினின்றும், எந்தக் குழல் அளவால் இவையெல்லாம் தொடங்கினவோ அக்குற்றத்தினின்றும் விடுவித்தது. நீதிமன்றத்திற்கு வாராமையும் பிணை நிபந்தனை மீறியமையுமே நிலைத்தன. கொலையைக் குறைக்க வந்த அங்குலம், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு உயிர்களை வாங்கியது.

ஆகவே அளவே வேண்டாம் என்பதா? அங்ஙனம் கூற நம்மால் இயலவில்லை. அளவில்லாத அகிம்சை முனிவர்க்கே உரியது. ஏனையோர் அணுவிரதத்தில் நிற்பவர். அணு என்றாலே அளவு. இத்தனை யோசனைக்கு அப்பால் செல்லேன் என்று திசைக்கு எல்லையிடும் இல்லறத்தானைப் பார்த்து, எல்லைக்கு இப்பால் உள்ள அடி புண்ணியமும் அப்பால் உள்ள அடி பாவமுமா என்று கேட்பது பேதைமை. எல்லைக்கல்லில் தெய்வம் இல்லை. எல்லையிட்டவனின் அடக்கத்தில் இருக்கிறது. 16 என்பதற்குப் பதிலாக 15 அல்லது 17 என்று வைத்திருப்பினும் குடி முழுகாது. எங்கேனும் ஓரிடத்தில் கோடு விழுந்தாக வேண்டும், அவ்வளவே. சட்டத்தின் துன்பம் கோடு தவறான இடத்தில் விழுந்தது என்பதில் இல்லை. அக்கோட்டைத் தன் கோடாக ஏற்பார் அருகிவிட்ட நாட்டில் அது விழுந்திருக்கிறது. ஏற்பாரில்லாத கோட்டைக் காக்கத் துப்பாக்கியே வேண்டியிருக்கிறது. ஆனால் கோடே இல்லாமற்போனால், ஸ்டாக்டன் மைதானத்திலும் சாண்டி ஹூக் வகுப்பறையிலும் ஏந்தப்பட்டவை போன்ற கருவிகளை எவரும் எவ்வாறும் கூட்டலாம் என்றாகும். இவ்விரண்டில் எது பெரிய இம்சை என்று நம்மைக் கேட்டால், பின்னதே என்று தயங்காமல் கூறுவோம். முன்னதை இம்சை அன்று என்று மட்டும் கூறமாட்டோம்.

1934இல் விதித்த 200 டாலர் வரி தொண்ணூறு ஆண்டுகளாக ஒரு காசும் கூடாமல் நின்றது. பணத்தின் மதிப்பு வீழ வீழத் தடை வெறும் கட்டணமாயிற்று. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் குறுங்குழல் ரைபிளுக்கும் ஷாட்கனுக்கும் ஓசையடக்கிக்கும் அவ்வரியை 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து சுழியாக்கிவிட்டது. பதிவு செய்யும் கடமை மட்டும் எஞ்சியுள்ளது. வரியே இல்லாதபோது வரிச்சட்டத்தின் பேரில் பதிவு எதற்கு என்று உடனே வழக்குகளும் தொடுக்கப்பட்டன. கலிபோர்னியாவின் சொந்தச் சட்டத்திலோ அந்த 16 அங்குலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒன்றிய எல்லையைத் தாண்டாதிருக்க ஆணியடித்துக் குழல் முனையைப் பற்றவைத்துத் தந்த பட்டறைகளுக்கு மற்ற மாநிலங்களில் இனி வேலை சற்றுக் குறையக்கூடும்.